ஓலாந்து 1808: உழவர்கள் ஒரு படையைச் சிறைபிடித்த கதை

உழவர் எழுச்சிகளின் வரலாறு பெரும்பாலும் தோல்விகளின் வரலாறு. 1525இல் ஜெர்மானிய நிலங்களில் கிளர்ந்தெழுந்த உழவர்கள் பல்லாயிரக்கணக்கில் வெட்டிச் சாய்க்கப்பட்டார்கள். 1773இல் ருஷ்யாவில் புகச்சோவ் என்ற கலகத் தலைவனின் பின்னால் திரண்டவர்களுக்கும் கடைசியில் அதே கதிதான். அவர்களுக்குத் துணிச்சல் போதவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. போதாமல் போனவை வேறு. படைவீரனுக்குச் சோறு போட ஓர் அரசு இருக்கிறது. உழவன் சண்டைக்குப் போன நாளில் அவன் நிலம் சும்மா கிடக்கிறது. படைக்கு வெடிமருந்து பின்னாலிருந்து வந்துகொண்டே இருக்கும். உழவன் கையில் இருப்பது தீர்ந்தால் தீர்ந்ததுதான். நாட்கள் நீள நீள, தராசு படையின் பக்கமே சாயும்.

அப்படியிருக்க, ஓர் எழுச்சி வென்றது என்று கேள்விப்பட்டால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, படையின் அந்த வசதிகள் எல்லாம் அன்றைக்கு எங்கே போயின என்பதுதான். இதைப் புரிந்துகொள்ள நல்ல எடுத்துக்காட்டு ஓலாந்து தீவுகள். 1808 மே மாதம், ஐந்தே நாட்களில், அந்தத் தீவுகளின் உழவர்களும் மீனவர்களும் தங்கள் மண்ணில் வந்து தங்கியிருந்த ருஷ்யப் படையை, அதன் தளபதியோடு சேர்த்துச் சிறைபிடித்தார்கள். எப்படி முடிந்தது என்றால் தேசபக்தி, வீரம் என்ற பதில்கள் உடனே வரும். அந்தப் பதில்களில் எனக்கு நிறைவில்லை. வீரம் எல்லா எழுச்சியிலும் இருந்தது. ஓலாந்தில் கூடுதலாக இருந்தது கடல். அதுவும் எந்த மாதத்தில் உறைந்து எந்த மாதத்தில் உருகும் என்று அறிந்தவர்களின் கடல்.

ஓலாந்து, பால்டிக் கடலின் வடபகுதியில், ஸ்வீடனுக்கும் பின்லாந்துக்கும் நடுவே இருக்கும் தீவுக்கூட்டம். சிறிதும் பெரிதுமாக ஆயிரக்கணக்கான தீவுகள். மேற்கே சுமார் 40 கிலோமீட்டர் திறந்த கடலைத் தாண்டினால் ஸ்வீடன் கரை; அங்கிருந்து ஸ்டாக்ஹோம் அதிகத் தொலைவில்லை. கிழக்கே தீவுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிதறிக்கொண்டே போய்ப் பின்லாந்தின் துர்க்கு நகரை எட்டும். அந்தச் சிதறலின் நடுவில் இருக்கும் ஒரு தீவின் பெயர் கும்லிங்கே. கதையின் உச்சம் அங்கேதான் நடந்தது என்பதால் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று பின்லாந்து முழுவதும் ஸ்வீடன் அரசின் பகுதி. ஓலாந்து மக்கள் பேசியதும் ஸ்வீடிஷ் மொழிதான், இன்றும் அதுவே.

போர் எப்படி வந்தது

நெப்போலியனும் ருஷ்யப் பேரரசர் முதலாம் அலெக்சாந்தரும் 1807 ஜூலையில் டில்சிட் என்ற ஊரில் கைகுலுக்கினார்கள். பிரிட்டனோடு யாரும் வணிகம் செய்யக் கூடாது என்பது நெப்போலியனின் திட்டம். ஸ்வீடன் மன்னர் நான்காம் குஸ்தாவ் அடால்ஃப் அதற்கு உடன்படவில்லை. அவரை வழிக்குக் கொண்டுவரும் வேலை ருஷ்யாவிடம் போயிற்று. 1808 பிப்ரவரி 21 அன்று ருஷ்யப் படை எல்லையைக் கடந்து பின்லாந்துக்குள் நுழைந்தது. போர் அறிவிப்பு அதற்குப் பிறகுதான் வந்தது. மார்ச்சில் டென்மார்க்கும் ஸ்வீடன்மீது போர் தொடுக்க, ஸ்வீடனின் படைகள் இரண்டு பக்கமும் பிரிந்து நிற்க வேண்டியதாயிற்று.

குளிர்காலத்தில் படையெடுத்தது அவசரத்தால் அல்ல, கணக்குப் போட்டுத்தான். பின்லாந்துக் கரையோரக் கடல் அப்போது உறைந்திருக்கும். ஸ்வீடனின் பெரிய பலம் அதன் கப்பல்கள். கப்பல்கள் துறைமுகத்தில் பனியில் சிக்கிக் கிடக்கும் நேரம் அது. ஹெல்சிங்கி எதிரே தீவுகளில் கட்டப்பட்ட ஸ்வேபோர்க் கோட்டை இதற்குச் சான்று. ஏறத்தாழ ஏழாயிரம் வீரர்கள், நூற்றுக்கணக்கான பீரங்கிகள்; வடக்கின் ஜிப்ரால்டர் என்று பெயர் வாங்கிய கோட்டை. அதன் தளபதி கார்ல் உலோஃப் கிரோன்ஸ்டெட் ருஷ்யர்களோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்: மே 3ஆம் தேதிக்குள் ஸ்வீடனிலிருந்து ஐந்து போர்க்கப்பல்கள் வந்து சேராவிட்டால் கோட்டையை ஒப்படைத்துவிடுவது. கடல் திறக்கவில்லை, கப்பல்கள் வரவில்லை, கோட்டை கைமாறியது. கிரோன்ஸ்டெட் செய்தது துரோகமா, கோழைத்தனமா, ஏமாளித்தனமா என்ற வழக்கு இருநூறு ஆண்டுகளாக ஓயவில்லை; அதற்குள் இங்கே நுழைய வேண்டாம். மாபெரும் கோட்டை மே 3 அன்று வீழ்ந்தது. மூன்று நாள் கழித்து ஓலாந்தின் உழவர்கள் எழுந்தார்கள் என்பதை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஓலாந்துக்கும் ருஷ்யர்கள் அதே வழியில்தான் வந்தார்கள். துர்க்கு நகரம் மார்ச்சில் அவர்கள் கைக்கு வந்தது. அங்கிருந்து உறைந்த கடல்மேல் நடந்து, தீவிலிருந்து தீவுக்குத் தாவி, சில நூறு பேர் கொண்ட படை ஓலாந்தில் வந்து அமர்ந்தது. தலைமை கர்னல் வூயிச். அவர் கும்லிங்கே பக்கம் ஒரு பகுதியை வைத்துக்கொண்டார். மற்றவர்கள் பெருந்தீவில் சிறு சிறு குழுக்களாகக் கிராமங்களில் தங்கினார்கள்.

தீவின் உழவர் யார்

உழவர் என்றதும் நம் கண்முன் வருவது ஏரும் வயலும். ஓலாந்து உழவரின் கதை வேறு. நிலம் சிறிது, பாறை அதிகம். கொஞ்சம் ரை என்ற தானியமும் வாற்கோதுமையும், சில மாடுகள். மிச்ச வாழ்க்கை கடலில். மத்தி போன்ற சிறிய ஹெர்ரிங் மீன் பிடிப்பது, கடல்நாயும் கடற்பறவையும் வேட்டையாடுவது, விறகையும் மீனையும் படகில் ஏற்றி ஸ்டாக்ஹோமில் விற்பது. வேட்டைக்காக வீட்டில் துப்பாக்கி இருக்கும். சுடத் தெரியும். இரவில், மூடுபனியில், பாறைகளுக்கு நடுவே படகோட்டத் தெரியும்.

இன்னொரு கடமையும் அவர்கள் தலையில் இருந்தது. ஸ்டாக்ஹோமையும் துர்க்குவையும் இணைக்கும் அரசின் அஞ்சல் வழி 1638 முதல் இந்தத் தீவுகள் வழியாகத்தான் போனது. அஞ்சலைச் சுமந்து கடக்கும் பொறுப்பு வழியோர உழவர்களுடையது. கோடையில் படகு, குளிர்காலத்தில் பனிமேல் நடை, இரண்டுக்கும் நடுவே, பனி இளகியும் இளகாமலும் இருக்கும் வாரங்களில், படகைப் பனிமேல் இழுத்துக்கொண்டு போவதும், பனி உடைந்தால் அதில் ஏறிக்கொள்வதும். இதில் உயிரை விட்டவர்கள் ஏராளம். இதற்கு ஈடாக அஞ்சல் உழவர்களுக்குப் படைச் சேவையிலிருந்து விலக்கு உண்டு. அந்த ஏற்பாட்டை இன்று படித்தால், அரசுக்கு எவ்வளவு மலிவாக வேலை முடிந்திருக்கிறது என்றுதான் தோன்றுகிறது. ஆனால் அதன் பக்கவிளைவு ஒன்று உண்டு: எந்த வாரத்தில் எந்த நீரிணை நடக்கத் தாங்கும், எது தாங்காது என்பது தலைமுறை தலைமுறையாக அவர்கள் அறிந்த கணக்கு ஆயிற்று.

ஸ்வீடனின் உழவர்கள் பண்ணையடிமைகள் அல்லர் என்பதையும் சொல்லியாக வேண்டும். பிரபுக்கள், பாதிரிமார், நகரத்தார் ஆகியோருக்கு அடுத்து நான்காவது பிரிவாக நாடாளுமன்றத்தில் உழவர்களுக்கும் இடம் இருந்தது. ருஷ்யாவிலோ உழவரில் பெரும்பகுதி நிலத்தோடு சேர்த்துக் கைமாறும் நிலையில் இருந்தார்கள். ருஷ்ய ஆட்சி என்றால் தங்களுக்கும் அதுவே வரும் என்ற அச்சம் ஓலாந்தில் இருந்திருந்தால் வியப்பில்லை. பழைய நினைவும் இருந்தது. 1714இல் ருஷ்யர்கள் வந்தபோது ஓலாந்து மக்கள் கூட்டங்கூட்டமாக ஸ்வீடனுக்கு ஓடிப்போனார்கள். 1721இல் அமைதி வந்த பிறகே திரும்பினார்கள். அந்தக் காலத்தைக் கண்ணால் கண்டவர்கள் 1808இல் இல்லை. கேட்டு வளர்ந்தவர்கள் இருந்தார்கள்.

படகு கேட்ட உத்தரவு

ஏப்ரல் முடிவில் பனி உருகத் தொடங்கியது. இதை ருஷ்யத் தளபதியின் இடத்திலிருந்து பார்ப்போம். மார்ச்சில் அவர் நின்றது ஒரு நீண்ட சாலையின் முனையில். துர்க்குவிலிருந்து உணவு வரலாம், ஆள் வரலாம், ஆபத்து என்றால் திரும்பிப் போகலாம். மே முதல் வாரத்தில் அந்தச் சாலை கரைந்து நீராகிவிட்டது. ஒரே படையாக வந்தவர்கள் தனித்தனித் தீவுகளில் தனித்தனிக் கூட்டங்களாக மாட்டிக்கொண்டார்கள். அவர்களிடம் கப்பல் இல்லை. கடலைக் கடக்கும் வழி உழவர்களின் படகுகள் மட்டுமே.

ஆகவே படகுகளைச் செப்பனிட்டு உடனே ஆயத்தமாக வைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். கெடு மிகக் குறுகியது, மீறினால் தண்டனை. படைத்தலைவர் என்ற முறையில் வேறு வழி இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் அந்த உத்தரவு இரண்டு செய்திகளை ஒரே மூச்சில் ஊருக்குச் சொல்லிவிட்டது. ஒன்று, உங்கள் பிழைப்பைப் பிடுங்கப் போகிறோம். படகு போனால் மீன் இல்லை, விற்பனை இல்லை, அடுத்த குளிர்காலத்துக்கு உப்பும் தானியமும் இல்லை. இரண்டு, உங்கள் படகுகள் இல்லாமல் எங்களால் நகர முடியாது. இரண்டாவது செய்தியை உத்தரவு போட்டவர்கள் உணர்ந்தார்களோ இல்லையோ, கேட்டவர்கள் உணர்ந்துகொண்டார்கள்.

வரியும் உணவுப் பறிப்பும் மக்களை எரிச்சலூட்டும். எரிச்சலோடு அவர்கள் பல ஆண்டு வாழ்ந்துவிடுவார்கள். உழைக்கும் கருவியே பறிபோகும்போது, பணிந்து போவதில் மிஞ்சும் இலாபம் என்று எதுவும் இருக்காது. எழுச்சிகளின் வரலாற்றில் இந்த இடம் திரும்பத் திரும்ப வரும்.

தலைமை ஏற்றவர்கள் இருவர். ஃபின்ஸ்ட்ரோம் என்ற ஊரின் அரசு அலுவலர் எரிக் ஆரேன் ஒருவர். வரி, காவல், சட்டம் என்று அரசின் கை கிராமத்தைத் தொடும் இடத்தில் நின்ற பதவி அவருடையது. மற்றவர் அதே ஊர்ச் சபையின் உதவிப் பாதிரியார் ஹென்ரிக் யோகான் கும்மெரஸ். அலுவலரும் பாதிரியாரும் உழவர் எழுச்சிக்குத் தலைமை தாங்குவது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் இவர்களிடம்தான் ஊர்களை இணைக்கும் இழை இருந்தது. அரசாணைகளை மக்களுக்குப் படித்துக் காட்டியது தேவாலய மேடையில். ஊர்க் கூட்டம் கூடியதும் தேவாலயத்தை ஒட்டித்தான். எந்த வீட்டில் எத்தனை ஆண்கள், யாரிடம் துப்பாக்கி, யாரிடம் நல்ல படகு என்பதெல்லாம் இவர்களுக்கு மனப்பாடம். செய்தி பரவியது இன்னும் பழைய முறையில்: அழைப்பைத் தாங்கிய கட்டை ஒன்று கை மாறி வீடு வீடாக, ஊர் ஊராகப் போகும். பெற்றவர் அடுத்த ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கக் கடமைப்பட்டவர். தீ, போர் போன்ற ஆபத்துக் காலங்களுக்கென்று வடநாடுகளில் நெடுங்காலம் இருந்த வழக்கம் இது.

மே 6 அன்று எழுச்சி தொடங்கியது. பெருந்தீவில் சிதறிக் கிடந்த ருஷ்யக் குழுக்கள் ஒவ்வொன்றாக வளைக்கப்பட்டன. ஒரு குழுவுக்கு நேர்ந்தது அடுத்த குழுவுக்குத் தெரிவதற்குள் அங்கும் ஆட்கள் வந்துவிட்டார்கள். பிறகு படகுகள் கிழக்கே திரும்பின. ஸ்வீடன் கடற்படையின் சிறு கலங்களும் துணைக்கு வந்து சேர்ந்தன. மே 10 அன்று கும்லிங்கேயில் சண்டை. வூயிச்சுக்கு எந்தப் பக்கமிருந்தும் உதவி வர வழியில்லை, தப்பிப் போகவும் வழியில்லை. அவர் சரணடைந்தார். சிறைபிடிக்கப்பட்டவர்கள் ஸ்வீடனுக்கு அனுப்பப்பட்டார்கள்.

இதைவிட விரிவாகச் சண்டையை வருணிக்கலாம்தான். ஆனால் சண்டை இந்தக் கதையின் சிறிய பகுதி. முடிவு பனி உருகிய வாரத்திலேயே பாதி எழுதப்பட்டுவிட்டது. தொடக்கத்தில் சொன்ன படையின் வசதிகளை இப்போது எண்ணிப் பாருங்கள். பின்னாலிருந்து வரும் உணவு, வெடிமருந்து, ஆள் எல்லாம் நின்றுபோயின. ஒருங்கிணைந்த கட்டளை நீரால் துண்டிக்கப்பட்டது. நகரும் வசதி மட்டும் உழவர்கள் பக்கம் போயிற்று. சண்டை ஐந்து நாளில் முடிந்ததால், காலம் நீண்டால் உழவருக்கு வரும் பலவீனமும் வெளிப்பட நேரமில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க அதே ஆண்டிலேயே வேறு இடங்கள் உண்டு. மே 2 அன்று மாட்ரிட் நகர மக்கள் நெப்போலியனின் படைக்கு எதிராக எழுந்தார்கள். பிரெஞ்சுப் படை ஒரே நாளில் அடக்கிவிட்டது. மறுநாள் விடியுமுன் பிடிபட்டவர்களை வரிசையாக நிறுத்திச் சுட்டது. அங்கே படை மொத்தமாக, நகரிலும் நகரைச் சுற்றியும் இருந்தது. ஸ்பெயினில் எதிர்ப்பு பிறகு மலைகளுக்கும் நாட்டுப்புறங்களுக்கும் போய்ப் பல ஆண்டு நீண்டது வேறு கதை. பின்லாந்தின் வாசா நகரில் 1808 ஜூனில் ஸ்வீடன் படை தரையிறங்கித் தோற்றபோது, நகர மக்களும் சுட்டார்கள் என்ற சந்தேகத்தில் ருஷ்யப் படை நகரைச் சூறையாடியது. ஓலாந்து தோற்றிருந்தால் இதுதான் அங்கும் நடந்திருக்கும்.

வென்ற பிறகு

இங்கே நிறுத்தினால் நல்ல வீரக்கதையாக முடியும். ஓலாந்தில் நடந்ததோ அதற்கு மேலும் உண்டு. விடுவிக்கப்பட்ட தீவுகளுக்கு ஸ்வீடன் படை வந்து குவிந்தது. மன்னரே நேரில் வந்து தங்கி, அங்கிருந்து பின்லாந்துக் கரையை மீட்கப் படைகளை அனுப்பினார், பலிக்கவில்லை. 18 முதல் 25 வயது வரையிலான இளைஞர்களைத் திரட்டி அவசரமாக உருவாக்கிய துணைப்படையும் அங்கே நிறுத்தப்பட்டது. சரியான உடையில்லை, உணவில்லை, தங்க இடமில்லை. இலையுதிர் காலத்தில் வயிற்றுக்கடுப்பும் காய்ச்சலும் பரவி வீரர்கள் பெருவாரியாக மடிந்தார்கள். அவர்களுக்கு வீட்டில் இடம் கொடுத்த ஊர்மக்களையும் நோய் விடவில்லை. ருஷ்யத் துப்பாக்கியால் செத்தவர்களைவிட நண்பர்களாக வந்த படையோடு வந்த நோய் அதிகம் தின்றது என்பதை வீரக்கதை எழுதுகிறவர்கள் விரைந்து கடந்துவிடுகிறார்கள்.

பிறகு கடல் மறுபடி உறைந்தது. 1809 மார்ச்சில் இளவரசர் பக்ராத்தியோன் தலைமையில் சுமார் 17,000 ருஷ்யர்கள் பனிமேல் நடந்து வந்தார்கள். ஓலாந்தில் இருந்த ஸ்வீடன் படைக்குத் தளபதி கெயோர்க் கார்ல் ஃபோன் டோபெல்ன். அவரிடம் இருந்தவர்கள் ஏறத்தாழ ஆறாயிரம். சுற்றி வளைக்கப்படுமுன் படையைப் பனிமேல் நடத்தியே ஸ்வீடன் கரைக்குக் கொண்டுபோய்விட்டார். துரத்தி வந்த ருஷ்யத் தளபதி குல்நேவின் குதிரைப்படை மார்ச் 19 அன்று ஸ்வீடன் கரையில் உள்ள கிரிஸ்லேஹாமனையே தொட்டது. அதற்குச் சில நாட்கள் முன்பு, மார்ச் 13 அன்று, ஸ்டாக்ஹோமில் படை அதிகாரிகள் மன்னரைக் கைதுசெய்து பதவியிறக்கியிருந்தார்கள். ஓலாந்து உழவர்கள் இந்த முறை எழவில்லை. எழுந்து என்ன செய்திருக்க முடியும்? நகரும் வசதி, உணவு வரும் வழி எல்லாம் இப்போது மறுபக்கம் இருந்தன.

1809 செப்டம்பர் 17 அன்று ஹமினாவில் கையெழுத்தான உடன்படிக்கையில் ஸ்வீடன் பின்லாந்தை ருஷ்யாவுக்கு விட்டுக்கொடுத்தது. ஓலாந்தையாவது வைத்துக்கொள்ள ஸ்வீடன் முயன்றது. ஸ்டாக்ஹோமின் வாசலில் இருக்கும் தீவுகளைத் தர ருஷ்யா ஒப்பவில்லை. எழுச்சியில் வென்ற தீவுகள் கையெழுத்தில் போயின. ஆனால் அஞ்சிய பண்ணையடிமை முறை வரவில்லை. பின்லாந்துக்கு அதன் பழைய சட்டங்களையும் மதத்தையும் காப்பதாகப் பேரரசர் உறுதி கொடுத்தார், அதில் ஓலாந்தும் அடங்கியது.

சட்டத்தின் கண்ணில்

சீருடை இல்லாமல் ஆயுதம் எடுத்த உழவர் போர்வீரரா, கொள்ளையரா? 1808இல் இதற்கு எழுதிவைத்த பன்னாட்டுச் சட்டம் இல்லை. ஆக்கிரமித்த தளபதி பிடித்தால் தூக்கிலிடலாம், ஊரை எரிக்கலாம், கேட்பார் இல்லை. பின்னாளில் போர் நடத்தையை வரையறுத்த 1899, 1907 ஹேக் விதிகள் இதைத் தொட்டன. எதிரி நெருங்கும்போது, படையாகத் திரள நேரமின்றித் தாமாக எழும் மக்களை, அவர்கள் போர் விதிகளை மதித்தால், போரிடுவோராகக் கருத வேண்டும் என்றன; ஆயுதத்தை வெளிப்படையாக ஏந்தவும் வேண்டும் என்று 1907இல் சேர்த்தார்கள். 1949 ஜெனீவா உடன்படிக்கையிலும் இது உண்டு. ஆனால் ஒரு முக்கியமான வரம்பு: அந்த நிலம் இன்னும் எதிரியின் பிடியில் போகாததாக இருக்க வேண்டும். ஓலாந்தில் ருஷ்யர்கள் ஏற்கெனவே வந்து அமர்ந்துவிட்டார்கள். ஆக, நூறாண்டு கழித்து வந்த விதியைக் கொண்டு அளந்தாலும் அந்த உழவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடைத்திராது. வல்லரசுகள் கூடி எழுதிய விதியில், ஆக்கிரமிக்கப்பட்ட மக்களின் எழுச்சிக்கு இடம் குறைவாக இருப்பது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. 1874இல் பிரஸ்ஸல்ஸில் இதைப் பேசியபோதே பெரிய படை வைத்திருந்த நாடுகளும் சிறிய நாடுகளும் இந்த இடத்தில்தான் முட்டிக்கொண்டன.

ஓலாந்துக்கு வேறு வகையில் ஒரு தீர்வு வந்தது. ருஷ்யா அங்கே 1830களில் கட்டத் தொடங்கிய பொமர்சுண்ட் கோட்டையை, கிரீமியப் போரின்போது, 1854இல் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் தகர்த்தன. 1856இல் பாரிஸில், தீவுகளில் கோட்டையோ படைத்தளமோ கூடாது என்று முடிவாயிற்று. 1917இல் பின்லாந்து ருஷ்யாவிலிருந்து பிரிந்து தனி நாடான பின், 1921இல் உலக நாடுகள் சங்கம், ஓலாந்து பின்லாந்துக்கே உரியது, ஆனால் ஸ்வீடிஷ் மொழிக்கும் தன்னாட்சிக்கும் உறுதி வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு தீவுகள் போரில் நடுநிலை என்றும் பத்து நாடுகள் கையெழுத்திட்டன. தீவுகளின் சட்டமன்றம் 1922 ஜூன் 9 அன்று முதன்முறையாகக் கூடியது. பின்லாந்தில் ஆண்களுக்குக் கட்டாயப் படைச்சேவை உண்டு. ஓலாந்தின் உள்ளூர் உரிமை பெற்றவர்களுக்கு விலக்கு. அதற்குப் பதிலாக அவர்கள் கப்பல் வழிகாட்டும் பணியிலோ கலங்கரை விளக்கத்திலோ வேறு குடிமைப் பணியிலோ சேவை செய்யலாம் என்கிறது தன்னாட்சிச் சட்டம்.